மாலுமிகளின் நோயும் எலுமிச்சஞ்சாறும்

1747ஆம் ஆண்டு ‘சோல்ஸ்பரி’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயால் முரசு வீங்கி, குருதி கசிய நலிந்தனர். கப்பல் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் அவர்களுள் 12 பேரைத் தெரிந்து, இருவருக்கு ஒன்றாக ஆறு வகை மருந்துகளை அளித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே மிக விரைவில் தேறினர். அவருள் ஒருவர் ஆறாம் நாளே பணிக்குத் தகுதியானார்.

1753இல் லிண்ட் இதனை நூலாக வெளியிட்டார். ஆயினும், பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பேணலாம் என்றும் அந்நூலிற் கூறினார். அச்சூட்டில் அதன் சத்துப் பெரிதும் அழிந்தது. கடற்படைத் தலைமை எலுமிச்சஞ்சாறு வழங்கக் கட்டளையிட்டது 1795இலேதான்.

குருதிக்கலன்களின் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரதம் செவ்வனே அமைய விற்றமின் சி இன்றியமையாதது. அது குன்றினால் சுவர் தளர்ந்து குருதி கசியும். இவ்வுண்மை 20ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. காரணம் அறியாத காலத்தில், கைக்கெட்டிய மருந்தே அடுப்பிற் கெட்டது.