தொங்காத கதவு

சேலம் மாவட்டத்துச் சங்ககிரி மலைக்கோட்டையில் வாசல் மேல் வாசலாகக் கடந்துதான் உச்சிக்கு ஏற வேண்டும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன கோட்டை. 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் இங்கேதான். இத்தகைய கோட்டைகளின் கதவுப் பாரத்தைச் சுமந்தது எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

குடுமிதான். பழைய கோட்டை, கோயில் கதவுகளுக்குப் பெரும்பாலும் கீல் கிடையாது. கதவின் ஓர மரத்தையே மேலும் கீழும் நீட்டி உருட்டாகச் செதுக்கிவிடுவார்கள். கீழ்க்குடுமி வாசற்படிக் கல்லின் குழியில் உட்காரும், மேல்குடுமி மேலே உள்ள துளையில் சுழலும். அதாவது கதவு தொங்காது, நிற்கும்.

ஒரு கணக்கு. கதவு 200 கிலோ, அகலம் 1 மீட்டர், இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்றால், மேல்கீலைச் சுமார் 50 கிலோ பாரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆணி எத்தனை நாள் பிடிக்கும்? குடுமியிலும் இதே இழுப்பு உண்டு. ஆனால் அங்கே தாங்குவது ஆணி அல்ல. முழு எடையும் நேராகக் கல்லில் இறங்கிவிடுகிறது.

குறையும் உண்டு. மரம் கல்லில் அரைபட்டுத் தேயும், கதவு தாழும். அதற்குத்தான் இரும்புப் பூணும் எண்ணெயும். பழைய கதவை வாங்கிக் குடுமியை அறுத்துவிட்டுக் கீலில் மாட்டுபவர்கள், பிறகு கதவு தரை தட்டும்போது தச்சரைத் திட்டுகிறார்கள்.