மழித்த முகமும் விலக்குச் சீட்டும்

1

சவரம் பண்ணினால் சிலருக்கு எரியும். சிலருக்கு ரெண்டாம் நாளே தாடையிலும் கழுத்திலும் கொப்புளம் கிளம்பும். சொரிந்தால் ரத்தம், விட்டால் சீழ், நாள்பட்டால் கறுத்த தழும்பு. கேட்டால், உனக்கு மென்மையான தோல், முரட்டு முடி என்று பதில் வரும். கோளாறு தோலில் இருக்கிறது, முடியில் இருக்கிறது, கத்தியில் மட்டும் இல்லை என்கிற தீர்ப்பு இந்தப் பதிலுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதை எழுதியவர்கள் யார், யாருடைய முகத்தை முன்வைத்து எழுதினார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் விசாரணை.

இதற்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறோம். இன்று உலகம் முழுக்கப் பரவியுள்ள பிளேடு ரேசர் அங்கேதான் பெருந்தொழிலாக வளர்ந்தது. அந்த ரேசரை ஏற்காத முகங்கள் அங்கேதான் ராணுவ ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போய் வழக்காகின. ஆகவே அங்கே சவரத்துக்கு ஆவணங்கள் உண்டு. நம்மூரில் அது வெறும் பேச்சாகவே போய்விட்டது.

2

முதலில் உடல். நேர்முடி பெரும்பாலும் நேரான மயிர்க்காலிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடிக்கோ மயிர்க்காலே தோலுக்குள் வளைந்திருக்கிறது. முடியின் குறுக்குவெட்டும் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கிறது. இந்த முடியைப் பிளேடு சாய்வாக வெட்டும்போது முனை ஊசியாகிவிடுகிறது. வளர்கிற முடி தன் வளைவுப்படியே திரும்பி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தோலைக் குத்தி உள்ளே போகிறது. தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் மழமழவென்று வழித்தால் இன்னொரு வழியும் திறக்கிறது: வெட்டுப்பட்ட முடி தோல்மட்டத்துக்குக் கீழே உள்வாங்கி, வெளியே வராமலேயே மயிர்க்காலின் சுவரைக் கிழிக்கிறது. உடல் தன் சொந்த முடியையே அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. நாம் கொப்புளம் என்பது அந்த எதிர்ப்பைத்தான்.

மருத்துவம் இதற்குச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று பெயர் வைத்தது. தாடிப் பகுதியின் 'போலி' மயிர்க்கால் அழற்சி என்று பொருள். கிருமியால் வந்தால் அசல் அழற்சி, இது கிருமியால் வரவில்லை, ஆகவே போலி. யாரால் வந்தது என்பதைப் பெயர் சொல்வதில்லை. ரேசரால் வந்தது என்று சொல்லியிருந்தால் இந்த வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

மருந்து என்னவென்பதும் எப்போதும் தெரிந்ததுதான். மூணு நாலு வாரம் சவரத்தை நிறுத்தினால் பெரும்பாலான முடிகள் வளரும் விசையிலேயே வெளியே எகிறிவிடும், கொப்புளம் அடங்கும். நிறுத்த முடியாதென்றால் கிளிப்பர் மெஷினால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் போதும். ஆக, தகராறு முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றியதுதான்.

3

பிளேடு ரேசர் வருவதற்கு முன் சவரம் பெரும்பாலும் நாவிதர் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வசதியான வெள்ளையரின் கழுத்தில் கத்தி வைத்தவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பர்கள். 1858இல் அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன் அட்லாண்டா நகரில் பளிங்கும் கண்ணாடியுமாகப் பெரிய சலூன் நடத்திச் செல்வந்தரானார். அந்தச் சலூனில் சவரம் செய்தவர்கள் கறுப்பர், செய்துகொண்டவர்கள் வெள்ளையர். கறுப்பர் அங்கே வாடிக்கையாளராக உட்கார முடியாது; அவர்களுக்குத் தங்கள் தெருக்களில் வேறு கடைகள். நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை அதன் பின்னால் நிற்பவர் தீர்மானிக்க முடியாத இந்த நிலைமை, தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்களைக் கண்ட தமிழ் வாசகருக்குப் புரியாததல்ல. ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயந்து கத்தியை மடக்கி வைக்கும் நாவிதரும் இங்கே சாதிப்படிநிலையில் ஒடுக்கப்பட்டவர்தான்.

ஆனால் நாவிதரின் கையில் ஒரு அறிவு இருந்தது. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, எங்கே அழுத்தலாம், எங்கே கத்தியைப் படுக்கப் போடவேண்டும் என்பதையெல்லாம் விரலால் தடவிப் பார்த்து முகத்துக்கு முகம் முடிவு செய்கிற அறிவு. கிங் கேம்ப் ஜில்லெட் இந்த அறிவைத் தேவையில்லாததாக்கினார்.

ஜில்லெட்டை வெறும் வியாபாரி என்று ஒதுக்கிவிட முடியாது. ரேசருக்கு முன்பே, 1894இல், 'தி ஹியூமன் டிரிஃப்ட்' என்ற கற்பனாவாத சோஷலிச நூலை எழுதியவர் அவர். போட்டிதான் எல்லாத் தீமைக்கும் வேர். உற்பத்தி முழுவதும் ஒரே நிறுவனத்தின் கீழ் வரவேண்டும். நயாகரா அருவியின் விசையில் இயங்கும் ஒரே மாநகரில் கோடிக்கணக்கான மக்கள் ஒரே மாதிரிக் கட்டிடங்களில் வாழவேண்டும். இது அவர் கண்ட கனவு. மாநகரம் எழவில்லை. ரேசர் வந்தது. 1903இல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மறுவருஷமே 90,000 ரேசர்களுக்கு மேல் விற்றன. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. மெல்லிய எஃகுத் தகட்டை ஒரு நிலையான கோணத்தில் பிடித்து வைத்ததுதான் கண்டுபிடிப்பு. எல்லா முகத்துக்கும் அதே கோணம். அவரது ஒரே மாநகரத்தின் தர்க்கம் ஒவ்வொரு வீட்டின் கண்ணாடிக்கு முன்னாலும் வந்து நின்றது.

4

இந்தப் பொதுமையைச் சட்டமாக்கியது யுத்தம். 1915 ஏப்ரலில் ஈப்ர போர்முனையில் ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பின் முகமூடி சிப்பாயின் உறுப்பாகிவிட்டது. ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்ட முடி இருக்கக்கூடாது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் அரசு ஜில்லெட்டிடமிருந்து 35 லட்சம் ரேசர்களையும் மூணு கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. பட்டாளத்திலிருந்து வீடு திரும்பிய இளைஞனிடம் ரேசரும் இருந்தது, தினசரி மழிக்கும் பழக்கமும் இருந்தது. மழித்த முகம் ஒழுக்கத்தின், சுத்தத்தின், நம்பகத்தின் அடையாளமானது. முகமூடி பின்னால் போய்விட்டது, மழிப்பு மட்டும் நிலைத்தது.

சவரத்தை ஏற்காத முகம் அப்போதுதான் நோயாளி முகமாகிறது. 1956இல் ஜான் ஸ்ட்ராஸ், ஆல்பர்ட் கிளிக்மன் ஆகிய தோல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை இந்நோய் பற்றிய அடிப்படை ஆய்வாகக் கருதப்படுகிறது. முடி திரும்பக் குத்துவதை அது விளக்கியது. இதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் களிம்புகளையும் ரசாயனங்களையும் சோதித்தவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பர். ஆலன் ஹார்ன்பிளம் 1998இல் 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்ற நூலில் இதை அம்பலமாக்கினார். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவத் துறை 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மனுக்குப் புகழும் பணமும் தந்த ரெட்டின்-ஏ என்கிற ட்ரெட்டினாயின் களிம்பின் வரலாறு அந்தச் சிறையோடு பிணைந்தது. அந்தக் களிம்பே 1970களில் சவரக் கொப்புளத்துக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. கறுப்புத் தோலைப் பற்றிய அறிவு எந்த இடத்தில் விளைந்தது என்பதைப் பிரித்துவிட்டு அந்த அறிவை மட்டும் பேச முடியாது.

5

1970இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி எல்மோ சம்வால்ட் தாடிக்கு அனுமதி கொடுத்தார். 1984ஆம் ஆண்டு முடிவோடு அது பறிக்கப்பட்டது. மற்றப் படைகளில் மழிப்பே விதி. ஏற்காதவனுக்கு மருத்துவர் எழுதித் தரும் விலக்கு. கடற்படையிலும் மரீன் படையிலும் அதை 'நோ ஷேவ் சிட்' என்பார்கள். சிட் என்பது நம் பக்கத்துச் சொல்தான். சிட்டி என்ற இந்திச் சொல் வெள்ளைக்காரன் வாயில் குறுகியது. இந்தச் சீட்டு ஒரே நேரத்தில் சலுகையாகவும் முத்திரையாகவும் வேலை செய்கிறது. சீட்டுள்ளவன் ஒவ்வொரு புது அதிகாரியிடமும் தன் முகத்தை விளக்கவேண்டும்.

கறுப்பு ஆண்களில் 45 முதல் 83 விழுக்காட்டினருக்கு இந்தக் கொப்புளம் உண்டு என்பது மருத்துவ எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. பாதிப்பேருக்கு வருவதை நோய் என்பதா, கருவி பொருந்தவில்லை என்பதா? 1974இல் ராணுவத்தில் இந்நோய் பற்றிய ஒரு கட்டுரையின் தலைப்பே இதை மருத்துவ, நிர்வாக, சமூகப் பிரச்சினை என்று அறிவித்தது. அது வெளியானது கறுப்பு மருத்துவர்களின் சங்கம் நடத்தும் இதழில் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 2021இல் வந்த விமானப்படை ஆய்வொன்று, விலக்குச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பதவி உயர்வு தாமதமாவதையும், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர் என்பதையும் காட்டியது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் பிறப்பித்த உத்தரவு இன்னும் ஒருபடி மேலே போனது: ஒரு வருஷச் சிகிச்சைக்குப் பிறகும் சீட்டுத் தேவைப்பட்டால், அந்த ஆளைப் படையிலிருந்தே விலக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். முகத்துக்குத் தந்த விலக்கு ஆளையே விலக்குவதாக முடிகிறது.

6

படைக்கு வெளியே நீதிமன்றங்கள். 1981இல் கொலராடோவின் கூட்டாட்சி நீதிமன்றம், டிரெயில்வேஸ் பஸ் கம்பெனியின் தாடித் தடை கறுப்பரைப் பாரபட்சமாகப் பாதிக்கிறது என்றது. டோமினோஸ் பீட்சாவை வீடுவீடாகக் கொண்டுபோகும் கறுப்பு இளைஞர் ஒருவர் தாடியை எடுக்காததால் வேலையிழந்த வழக்கில், வாடிக்கையாளர்கள் தாடியை விரும்ப மாட்டார்கள் என்று கம்பெனி ஒரு கருத்துக்கணிப்பை நீட்டியது. வாடிக்கையாளரின் பிடித்தம் தொழில் அவசியமாகாது என்று எட்டாம் வட்ட மேல்முறையீட்டு மன்றம் 1993இல் மறுத்தது. போர்முனையில் தொடங்கிய விதி பீட்சாக் கடை வரைக்கும் வந்துவிட்டது. பீட்சா கொண்டுபோகிறவனுக்கு எந்த விஷவாயு?

தீயணைப்புக்காரர்களின் வழக்கு அப்படிப்பட்டதல்ல. அட்லாண்டா நகரம் சிலகாலம் ஒட்டவெட்டிய சிறுதாடியை அனுமதித்து, பின் 1988இல் தடுத்தது. கறுப்புத் தீயணைப்பாளர்கள் பன்னிரண்டு பேர் தொடுத்த வழக்கு 1993இல் தோற்றது. நியூயார்க்கில் 2021இல் இதேபோன்ற வழக்கும் தோற்றது. புகைக்குள் போகிறவனின் முகமூடி கசிந்தால் சாவுதான். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காற்றை உள்ளே தள்ளும் தளர்வான முகமூடிகளைத் தாடிக்காரர்களும் அணியலாம். ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அவை உண்டு. தீக்குள் போக அவை போதாது. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். முகம் பொருந்தவில்லையென்றால் முகத்தை மாற்று என்பது நூறு வருஷமாக உடனடி விடையாக இருக்கிறது. முகமூடியை மாற்று என்பது மட்டும் ஏன் இன்றுவரை செலவுக் கணக்காகவே நிற்கிறது?

7

சந்தை இந்தக் காயத்தை இருமுறை விற்றது. 1971இல் ஜில்லெட் இரட்டைப் பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியை இழுக்கும், ரெண்டாவது அது உள்வாங்குமுன் இன்னும் கீழே வெட்டும். 1998இல் மூணு பிளேடு, 2006இல் அஞ்சு. நேர்முடிக்குப் பட்டுப்போன்ற சவரம். சுருள்முடிக்கோ ஒவ்வொரு பிளேடும் கூடுதல் காயம். கறுப்பரின் வீடுகளில் வேறொரு மரபு வளர்ந்திருந்தது. மேஜிக் என்ற சவரப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சில நிமிஷத்தில் மழுங்கின கரண்டியால் வழித்தெடுப்பார்கள். பேரியம் சல்பைடு முடியின் புரதக் கட்டை உடைக்கிறது. முனை கூராகாமல் மழுங்கிவிடுகிறது. அழுகின முட்டை நாற்றம், அதிகநேரம் விட்டால் தோல் வெந்துபோகும், தினசரி பண்ண முடியாது. ஆனாலும் கொப்புளம் குறைவு. 2013இல் டிரிஸ்டன் வாக்கர் என்ற கறுப்பு முதலாளி சுருள்முடிக்காரர்களுக்கென்றே பெவல் என்ற ஒற்றைப் பிளேடு ரேசரைக் கொண்டுவந்தார். 2018இல் அவருடைய கம்பெனியை வாங்கியது புராக்டர் அண்ட் கேம்பிள். 2005இலிருந்து ஜில்லெட்டும் அவர்களுடையதுதான். அஞ்சு பிளேடும் அதன் மாற்றும் ஒரே கல்லாவில். ஜில்லெட்டின் ஒரே கம்பெனிக் கனவு இப்படியாகப் பலித்தது.

எரியாத சவரத்துக்கு இன்று மருத்துவர்கள் சொல்வதைப் பாருங்கள். வெந்நீரில் சில நிமிஷம் முடியை ஊறவை, நுரையைத் தாராளமாகப் போடு, ஒற்றைப் பிளேடு போதும், தோலை இழுக்காதே, முடி படிந்த திசையிலேயே வழி, அழுத்தாதே, ஒரே இடத்தில் ரெண்டாம் முறை போகாதே, உள்ளே புகுந்த முடியைப் பிடுங்காமல் முனையை மட்டும் விடுவி, கொஞ்சம் முடி மிச்சமிருந்தால் இருக்கட்டும். இவை முகத்தைத் தடவிப் பார்த்துச் செய்கிற நாவிதரின் கை அறிவுதான். நூறு வருஷம் கழித்து மருந்துச் சீட்டாகத் திரும்பி வருகிறது.

8

ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் என்கிற கருத்தாக்கத்தை நம்மிடையே பேசுகிறவர்கள் மிஷேல் ஃபூக்கோவை மேற்கோள் காட்டுவது வழக்கம். 1975இல் வந்த அவரது 'ஒழுங்கும் தண்டனையும்' நூலில் பணியும் உடலுக்கு முதல் உதாரணமே சிப்பாய்தான். நிற்பது, நடப்பது, துப்பாக்கி பிடிப்பது எல்லாம் அதிகாரத்தால் உருவாக்கப்படுவதை அவர் காட்டினார். ஆனால் அந்தச் சிப்பாய்க்குச் சுருள்முடி இல்லை. ஒழுங்கு எல்லா உடல் மேலும் ஒரே மாதிரி இறங்குவது போன்ற தோற்றம் அங்கே கிடைக்கிறது. சவரத்தின் வரலாறு சொல்வது வேறு. ஒரே விதி, ஒரே ரேசர், ஒரே காலை நேரம். ஒருவனுக்கு அது அஞ்சு நிமிஷப் பழக்கம்; பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு ரத்தம். விதி இருவரையும் சமமாகத்தான் நடத்துகிறது. அந்தச் சமத்துவத்தின் விலையை ஒருவனே கொடுக்கிறான்.

விலக்கு கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது. விலக்கு கேட்கிறவன் விதியை ஏற்றுக்கொண்டுதான் கேட்கமுடியும். தன் முகம் நோயாளி முகம் என்று கையெழுத்துப் போட்ட பின்புதான் சீட்டுக் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் முடியை எல்லோருக்கும் பொதுவாக அனுமதித்தால் சீட்டே தேவையில்லை. அப்போது நோயாளிகளில் பெரும்பாலோரும் இருக்கமாட்டார்கள். அதைச் செய்ய மருத்துவம் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.