ஆப்பிள் 2 கணினியின் விரிதாள் மென்பொருள்கள்

ஆப்பிள் 2 என்பது 1977இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினி. விளையாட்டுக்கும் பேசிக் மொழி பழகவும் வாங்கப்பட்ட இக்கணினி அலுவலக மேசைகளுக்கும் சென்றதற்கு முதன்மையான காரணம் விரிதாள் மென்பொருளே. இதில் இயங்கிய விரிதாள்களுள் விசிகால்க் (1979), மல்டிபிளான் (1982), ஆப்பிள்வொர்க்ஸ் (1984) ஆகிய மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை.

விசிகால்க்கை உருவாக்கியவர்கள் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன். பிரிக்ளின் ஆர்வர்டு வணிகப் பள்ளி மாணவர். கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுதவேண்டியிருந்தது. இந்த வேலையைக் கணினியே செய்தால் என்ன என்பதே அவருடைய எண்ணம். பிரிக்ளின் வடிவமைக்க, பிராங்ஸ்டன் நிரல் எழுதினார்.

விசிகால்க்கில் 63 நெடுவரிசைகள், 254 கிடைவரிசைகள். மொத்தம் 16,002 கட்டங்கள். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 48 கிலோபைட் நினைவகம் என்பது 49,152 பைட். நினைவகம் முழுவதையும் பங்கிட்டாலும் கட்டம் ஒன்றுக்கு மூன்று பைட்தான் கிடைக்கும். அதிலும் மென்பொருளுக்கே பெரும் பங்கு போய்விடும். எஞ்சிய இடம் எவ்வளவு என்பதைத் திரையின் வலது மேல் மூலையில் ஓர் எண் காட்டும். அது தீர்ந்தால் கணக்கும் அத்தோடு நின்றது.

திரையும் சிறியது. வரிக்கு 40 எழுத்துகள் என்பதால், வழக்கமான அகலத்தில் ஒரே நேரத்தில் நான்கு நெடுவரிசைகளே தெரியும். விசைப்பலகையில் இடம், வலம் என இரண்டே அம்புவிசைகள். மேலும் கீழும் நகர, முதலில் இடைவெளிப் பட்டையைத் தட்டித் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தனை நெருக்கடிக்குள்ளும் விசிகால்க் விரைவாக இயங்கியதே அதன் வெற்றி.

மைக்ரோசாப்டின் மல்டிபிளான் வசதிகளில் ஒரு படி மேலே நின்றது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி அகலம் வைக்கலாம். கட்டங்களுக்குப் பெயரிட்டு, அப்பெயர்களைச் சூத்திரத்தில் பயன்படுத்தலாம். கட்டளைகள் ஒற்றை எழுத்துகளாக இல்லாமல் சொற்களாகவே திரையில் தெரிந்தன. ஆனால் பலவகைக் கணினிகளிலும் ஓடவேண்டும் என்பதற்காக அது ஓர் இடைநிலைக் குறிமுறையில் எழுதப்பட்டிருந்தது. ஓடும்போதே அதைப் பெயர்த்துச் செயல்படுத்த வேண்டியிருந்ததால், 1 மெகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள 6502 செயலி திணறியது. கற்பதற்கு எளிது, காத்திருப்பதற்குப் பொறுமை தேவை.

ரூபர்ட் லிஸ்னர் எழுதிய ஆப்பிள்வொர்க்ஸ், உரை எழுதி, தரவுத்தளம், விரிதாள் மூன்றையும் ஒன்றாகத் தந்தது. அதன் விரிதாளில் 127 நெடுவரிசைகள், 999 கிடைவரிசைகள். பெருக்கினால் 1,26,873 கட்டங்கள். 128 கிலோபைட் கணினியில் கட்டத்துக்கு ஒரு பைட் மட்டுமே! இந்த எண்ணும் பெரும்பாலும் ஏட்டளவில்தான். எனினும் 80 எழுத்துத் திரையும் நான்கு அம்புவிசைகளும் கொண்ட ஆப்பிள் 2இ கணினியில், வீட்டுக் கணக்குக்கும் சிறு கடைக்கும் மூன்றில் இதுவே மிகவும் ஏற்றது.

கட்டங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது கணக்கிடும் வரிசை. விசிகால்க் ஒவ்வொரு நெடுவரிசையாகவோ கிடைவரிசையாகவோ ஒரு முறை மட்டுமே கணக்கிட்டுச் செல்லும். இரண்டாம் நெடுவரிசையின் 20ஆம் கட்டத்தில் மொத்தச் செலவு இருப்பதாகக் கொள்வோம். அதை எளிதில் பார்ப்பதற்காகத் தாளின் முதல் கட்டத்திலும் காட்டச் சொல்லியிருக்கிறோம். ஒரு செலவை மாற்றினால், முதல் கட்டம் பழைய மொத்தத்தை எடுத்துக்கொள்ளும். புதிய மொத்தம் அதற்குப் பிறகுதான் கணக்கிடப்படும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஆச்சரியக்குறி விசையை அழுத்தி மறுபடி கணக்கிடச் சொன்னால்தான் விடை சரியாகும். ஐந்தாண்டுகள் கழித்து வந்த ஆப்பிள்வொர்க்சும் இதே இரு வரிசைகளையே தந்தது. ஆகவே, விவரம் அறிந்தவர்கள் மொத்தங்களைத் தாளின் கீழேயோ வலக் கோடியிலோ வைத்தனர்.

1985இல் லோட்டஸ் நிறுவனம் விசிகால்க்கை உருவாக்கிய சாப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனத்தை வாங்கி, விசிகால்க் விற்பனையை நிறுத்தியது. லோட்டசைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மிட்ச் கபோர், முன்பு விசிகால்க் எண்களை வரைபடமாக்கும் விசிபிளாட் மென்பொருளை எழுதியவர்.