கொள்ளைக்கார ஈயும் ஒரு லேபிளும்

போன வாரம் எங்கள் விருதுநகர் வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடும் கொடியில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. பிடியில் ஒரு தேனீ. குளவி என்றுதான் நினைத்தேன். பேரன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். இரண்டே சிறகு, முகத்தில் தாடி மாதிரி மயிர், இரண்டு கண்ணுக்கும் நடுவே உச்சந்தலையில் ஒரு பள்ளம். கொள்ளைக்கார ஈ! பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்து, குத்தி எச்சிலைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிடும்.

"இதுல எந்த வகை, தாத்தா?" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உலகத்தில் 7,000 இனங்களுக்கு மேல். பலவற்றைப் பிரித்தறிய ஆண் ஈயின் வால்நுனியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

தேடிப் படித்ததில் ஒரு கதை கிடைத்தது. லின்னேயஸின் மாணவர், டென்மார்க்கின் ஃபெப்ரீசியஸ், 1775-இல் நம் நாட்டு ஈ ஒன்றுக்கு 'அசிலஸ் மாக்குலேட்டஸ்' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் கொள்ளைக்கார ஈ என்றாலே அநேகமாக அசிலஸ்தான். 1848-இல் ஜெர்மானியரான லோவ், 'புரோமாக்கஸ்' என்று தனிப் பேரினம் வகுத்தார். சிறகின் முன்விளிம்புக்குக் கீழே, நரம்புகளுக்கு நடுவில், இதன் உறவுகள் பலவற்றுக்கு இரண்டு அறை; இதற்கு மூன்று. இன்று அது 'புரோமாக்கஸ் மாக்குலேட்டஸ்'. பக்கத்தில் ஃபெப்ரீசியஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அடைப்புக்குறி இருந்தால், பெயர் வைத்தபின் ஈ வீடு மாறிவிட்டது என்று அர்த்தம்.

ஃபெப்ரீசியஸ் இந்தியாவுக்கு வந்தவரில்லை. டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து டால்டார்ஃப் என்பவர் பூச்சிகள் அனுப்பினார். போன நூற்றாண்டில், அதே கரையில் காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர் சூசை நாதன் பூச்சி பிடித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு: ஊர், தேதி, பிடித்தவர் பெயர்.

சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த பூச்சி. சிவகாசியில் தீப்பெட்டி லேபிளுக்கு முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். ஓர் ஊர்ப் பெயர் தப்பாகி முழுக் கட்டும் திரும்பி வந்த நாள் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளைக்காரர் காலத்து விலங்கின வரிசையில் புருனெட்டி 1920-இல் எழுதிய ஈக்கள் தொகுதியில் இந்தக் குடும்பம் இல்லை. ஜோசப், பாருய் இருவரும் எழுதிய முதல் பாகத்தை இந்திய விலங்கியல் ஆய்வகம் 1998-இல்தான் வெளியிட்டது. ஃபெப்ரீசியஸ் பெயர் வைத்து 223 வருஷம்!

பேரனிடம் படத்துக்குக் கீழே எழுதச் சொன்னேன். தேதி, நேரம், விருதுநகர், மொட்டைமாடிக் கொடி, வாயில் தேனீ, பிடித்தவர் யாருமில்லை, பார்த்தவர் இருவர். இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.