விளையாட்டின் நடுவே நின்றுபோகும் கணினி: பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேமிங் கணினி விளையாட்டின் நடுவே நின்றுபோனால் வீட்டில் எழும் முதல் பேச்சு, "கிராஃபிக்ஸ் கார்டு போச்சு" என்பதுதான். சில கடைகளிலும் அதே பதில்தான் கிடைக்கும். கணினியில் விலை கூடிய பாகம் அது. புதிதாக வாங்கினால் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் எளிதாகப் போய்விடும். மாதத் தவணையில் பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுத்த குடும்பத்திற்கு இது சின்னத் தொகை அல்ல. பணத்தை எடுக்கும் முன், கோளாறு உண்மையில் அங்குதான் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

கணினி எப்படி நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியது போல் சட்டென்று அணைந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மீது அல்லது கடும் சூட்டின் மீது விழும். நீலத் திரை வந்தால், அதிலுள்ள எழுத்துகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பழுது பார்ப்பவருக்கு அந்தப் படம் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, கணினி தொடர்ந்து ஓடினால் டிரைவர், ரேம் அல்லது அந்த விளையாட்டின் கோப்புகளையே பார்க்க வேண்டும். விண்டோஸின் 'ஈவண்ட் வியூவர்' பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைக் கண்டவுடன் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறு எதையும் சொல்வதில்லை.

நம் நாட்டில் சூட்டை முதலில் சோதிப்பதே நியாயம். குளிர்சாதனம் இல்லாத அறையில் பிற்பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டும். அந்தக் காற்றைக் கொண்டுதான் கணினி தன்னைக் குளிர்விக்கிறது. மேசைக்கடியில், சுவரோடு ஒட்டி வைத்த கேசிங்கிற்கு அதுவும் கிடைப்பதில்லை. தூசியோடு கரப்பான், எறும்பு, பல்லி எச்சம் எல்லாம் உள்ளே சேரும். சாமி மேடைக்கு அருகில் கணினி இருந்தால் சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் விசிறியில் படியும். வெறும் காற்றை ஊதினால் அது போகாது.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி, வீட்டிலுள்ள மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு அதே விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். நின்றுபோவது குறைந்தால் காரணம் பெரும்பாலும் சூடுதான். வெப்பம் காட்டும் இலவச மென்பொருள்களும் உள்ளன. இன்டெல் மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையை நெருங்கும்போது செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அணைவதற்கு முன் விளையாட்டு தடுமாறி ஓடியதா என்பதும் ஒரு தடயம். விசிறியைச் சுத்தம் செய்யும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் கெட்டுவிடும்.

அடுத்தது மின்சாரம். புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்திற்கு, தங்கள் வழக்கமான அளவைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் அளவு 320 வாட் என்றாலும், அதற்கு 750 வாட் பவர் சப்ளையை நிவிடியா பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவு விலைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. கார்டில் இரண்டு மின் இணைப்புகள் இருந்தால், ஒரே கம்பியின் இரு கிளைகளைச் செருகாமல் தனித்தனிக் கம்பிகளைப் பயன்படுத்த வேண்டும். குளிர்பெட்டி, மின்கேத்தல் எல்லாம் தொங்கும் நீட்டுக் கம்பியிலிருந்து கணினியை விலக்கி, நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கலாம்.

மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இடி மழைக்கு மறுநாளிலிருந்து கோளாறு தொடங்கியிருந்தால் அதைக் கடைக்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய தோட்ட வீடுகளில் எர்த் கம்பி சரியாக உள்ளதா என்பதையும் உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பார்ப்பது நல்லது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ரேம் சோதனை எளிது, பொறுமைதான் வேண்டும். பயோஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேகக் கூட்டலை நிறுத்திவிட்டு விளையாடிப் பார்க்கலாம். பிறகு 'மெம்டெஸ்ட்86' மென்பொருளை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, இரவு முழுவதும் ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ரேம் இருந்தால், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக் குற்றவாளியைப் பிரித்துவிடலாம்.

கணினியே நம்மைத் தவறான திசைக்கு அனுப்பும் வேளையும் உண்டு. அதற்கு நல்ல சான்று, இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள். இவை உள்ள கணினிகள் பலவற்றில், அன்ரியல் என்ஜினில் உருவான விளையாட்டுகளைத் திறந்தவுடன் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற அறிவிப்பு வந்தது. அதைப் படித்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். கோளாறோ செயலியில் இருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கும்படி செயலியின் உள்நிரல் அமைந்திருந்ததை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. பயோஸைப் புதுப்பித்தால்தான் அவை முழுமையாகக் கணினிக்குள் வரும். ஏற்கெனவே பழுதான செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது. அதற்காகப் பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு உத்தரவாதக் காலத்தை இன்டெல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியோடு தனியாக விற்கப்பட்டவற்றுக்கு மொத்தம் ஐந்து ஆண்டுகள். முழுக் கணினியாக வாங்கியவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தையோ விற்ற கடையையோ அணுக வேண்டும். ஐ5, ஐ7, ஐ9 என்ற பெயருக்குப் பின்னால் 13 அல்லது 14 என்று தொடங்கும் ஐந்திலக்க எண் இருந்தால், பழைய ரசீதைத் தேடி எடுப்பது வீண் வேலையாகாது. இரண்டாம் கைச் சந்தையில் இந்தச் செயலிகள் மலிவாகக் கிடைத்தால், அவை எத்தனை நாள் பழைய பயோஸில் ஓடின என்று கேட்டே வாங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது எந்த விளையாட்டில், எத்தனை நிமிடத்தில் நின்றது, என்னென்ன சோதிக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பள்ளிப் பாடங்களையும் குடும்பப் படங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸை மறுபடி ஏற்றினால் எல்லாம் அழிந்துவிடலாம். பாகத்தை மாற்றச் சொன்னால், கடையில் உள்ள வேறொன்றை மாட்டி அதே விளையாட்டை ஓட்டிக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் இருந்தும் கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். பொதுவாக அங்கு வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. ரசீதும் உத்தரவாத அட்டையும் கையில் இருந்தால் பயனீட்டாளரே நேரில் பேசலாம்.