மாமாவின் அரிப்பும் ஒரு வெள்ளைப்பூச் செடியும்

மசினகுடியில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு ஆறு வருஷம் அரிப்பு இருந்தது. காரணம் தெரியாத அரிப்பு. கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்பக்கம். ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்து காலையில் தலையணையில் ரத்தக்கறை இருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை அந்த உறையை அலசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆறு வருஷத்தில் கேட்ட காரணங்களை எழுதி வைத்திருந்தேன். கத்தரிக்காய், கருவாடு, கரப்பான் பதார்த்தம். உடம்புச் சூடு. கிணற்றுத் தண்ணி. மசினியம்மனுக்கு வேண்டிக்கிட்டு மறந்தது. ஒரு மருத்துவர் சொறிசிரங்கு என்று வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். இன்னொருவர் 'மனசுதான் காரணம், கவலைப்படாதீங்க' என்றார். ஆனால் மாமாவை உண்மையில் உடைத்தது டீக்கடைதான். அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் மாற்றினார்கள்.

"ஒட்டிக்கும்னு நெனைக்கிறாங்கடா. நானே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன். பேத்தியைத் தூக்கவே பயமா இருக்கு" என்றார் ஒருநாள்.

அதற்குப் பிறகுதான் இதைத் தேட ஆரம்பித்தேன். தேடியது மருத்துவத்தில் தொடங்கி சரித்திரத்தில் போய் நின்றது.

அரிப்புக்கென்று தனி வரலாறு ரொம்ப நாள் இருந்ததில்லை. சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு என்று சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1660ல் அதை வரையறுத்தார். இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குப் பிறகும் நீண்ட காலம் அரிப்பை வலியின் சின்னத் தம்பியாகத்தான் பார்த்தார்கள். லேசான வலி, அவ்வளவுதான் என்று. அரிப்பைக் கடத்துவதற்கென்றே நரம்பிழைகள் உண்டு என்பது 1997ல்தான் மனிதர்களிடம் காட்டப்பட்டது. நம்ம மொழி இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னால் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அரிப்பு, நமைச்சல், தினவு, ஊறல் என்று பிரித்துப் பிரித்துப் பேர் வைத்திருக்கிறோம். வலிக்கு இருக்கும் மரியாதை மட்டும் அரிப்புக்கு இங்கேயும் கிடையாது. வலியால் தூங்காதவருக்கு அனுதாபம் கிடைக்கும். அரிப்பால் தூங்காதவரைப் பார்த்தால் ஒரு எட்டு தள்ளி நிற்பார்கள்.

மாமா விஷயத்தில் ஒரு தடயம் ஆரம்பத்திலிருந்தே எங்கள் கண்முன் இருந்தது. ஊட்டியில் மகள் வீட்டுக்குப் போனால் பத்து நாளில் பாதி குறையும். கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித் திரும்பி வந்தால் ஒரு வாரத்தில் பழைய கதை. 'குளிர்ச்சிக்குக் குறையுது, அப்போ இது சூடுதான்' என்று நாங்கள் முடிவு கட்டினோம். தடயம் சரி, முடிவுதான் தப்பு. மேலே இல்லாதது கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கீழே இருந்தது பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ, இடுப்பு உயரம். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவில் காங்கிரஸ் செடி என்பார்கள், மாமாவும் அப்படியே சொல்வார். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் பிறந்த செடி.

இது இந்தியாவுக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். 'பி.எல். 480 கோதுமையோடு வந்த விஷச்செடி'. பஞ்ச காலத்தில் அமெரிக்காக்காரன் கொடுத்த தானியத்தில் கலந்து வந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் இடறுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். புனேயில் இந்தச் செடி பரவியிருப்பதை ஆர்.எஸ். ராவ் என்ற தாவரவியலாளர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பதிவு செய்ததும் அதே 1956ல். ஒப்பந்தம் போட்டு, கப்பல் வந்து, விதை சிந்தி, முளைத்து, பரவி, ஒருவர் பார்த்து, கட்டுரை எழுதி அச்சாக அந்த வருஷத்தில் இடமே இல்லை. ஆனால் 1951லேயே அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாகக் கோதுமை கொடுத்திருக்கிறது. கோதுமைதான் வழி என்றால் அந்தக் கப்பல்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். போதாக்குறைக்கு, ராக்ஸ்பர்க் 1814ல் வெளியிட்ட கல்கத்தா தாவரவியல் தோட்டப் பட்டியலிலேயே இந்தப் பேர் இருக்கிறது என்றும் பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செடி இரண்டு முறை வந்திருக்கலாம். ஒருமுறை தோட்டத்துக்குள் அடங்கி இருக்க, இன்னொருமுறை நாடு முழுக்கப் பரவ. பி.எல். 480 கதை நிலைத்ததற்குக் காரணம், அது நம்முடைய அன்றைய அவமானத்துக்குப் பொருத்தமாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

செடி வந்ததற்குப் பின்னால் அரிப்பு வந்தது. புனே பக்கம் வயலிலும் வெளியிலும் வேலை செய்தவர்களுக்கு முகமும் கழுத்தும் தடித்து, வெடித்து, வருஷக்கணக்கில் ஆறாமல் இருந்தது. பெரும்பாலும் நடுவயது ஆண்கள். 1960களில் அங்குள்ள தோல் மருத்துவர்கள் இந்தச் செடியைச் சந்தேகப்பட்டார்கள். புனேயின் லோன்கர், கனடாவின் வான்கூவரில் இருந்த மிட்செல், லண்டனின் கால்னன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974ல் வந்தது. பதிவுக்கும் அந்தக் கட்டுரைக்கும் நடுவே 18 வருஷம். அந்த 18 வருஷத்தில் எத்தனை பேர் கத்தரிக்காயை நிறுத்தியிருப்பார்கள், எத்தனை பேருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

காரணம் பார்த்தெனின் என்ற ரசாயனம். செடியின் மேலிருக்கும் நுண்மயிர்களில் இருக்கிறது. செடி காய்ந்து பொடியானால் அந்தத் தூள் காற்றில் பறக்கும். அதனால் தொடாமலேயே ஒவ்வாமை வரும். முதல் நாளே வராது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. பல வருஷம் அந்தச் செடிக்கு நடுவில் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்துவிட்டு, ஒருநாள் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கப்புறம் கொஞ்சம் தூசியே போதும். அதனால்தான் மாமா, 'முப்பது வருஷமா இதே காட்டுலதான் மாடு மேய்க்கிறேன், அப்பல்லாம் வரலையே' என்று சரியாகக் கேட்டு, தப்பான பக்கம் போனார்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கும் நூறு வயசுக்கு மேல். யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895ல் பாதரசத்துக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கச் செய்ததுதான் தொடக்கம். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். மாமாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் அதைச் செய்தோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவந்து, நீர் கோர்த்து நின்றது. பார்த்தீனியம். அதே குடும்பத்தைச் சேர்ந்த மருளுமத்தை, சாமந்தியிடமும் கவனமா இருங்க என்றார்கள். பூஜைக்கு அத்தை தினமும் கட்டிய சாமந்திச் சரம் அன்றோடு நின்றது.

இனி மசினகுடிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இடம் இந்தச் செடிக்காகவே தயாரானது போல இருக்கிறது. சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் 1932ல், மாயார் மின்நிலையம் 1952ல். இந்த வேலைகளுக்கு வந்தவர்களால் பெருத்த ஊர் இது. மாமாவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். வேலை முடிந்ததும் பலர் மாடு வாங்கினார்கள். மலைக்கு மறைவான, மழை குறைந்த இடம், விவசாயத்தைவிட மாடு லாபம், சாணத்துக்குக் கேரளத் தோட்டங்களில் கிராக்கி. மாடுகள் நல்ல புல்லையெல்லாம் தின்றன. பார்த்தீனியத்தைத் தின்னவில்லை. தப்பித் தின்றால் பால் கசக்கும். ஆக, ஒவ்வொரு மேய்ச்சலும் மற்ற செடிகளைக் குறைத்து இதற்கு இடம் விட்டது. ஒரு செடி 10,000க்கும் மேல் விதை போடும். குளம்பு மண்ணோடும், இப்போது ஜீப் டயரோடும் அது போகிறது. 1940ல் சரணாலயமாகி 2007ல் புலிகள் காப்பகமான முதுமலைக்குள்ளும் சாலையோரமாக நுழைந்துவிட்டது. மாமாவுக்குச் சோறு போட்ட மாடுகளே அவருடைய அரிப்பையும் வளர்த்தன என்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. கர்நாடகம் 1975ல் இதைத் தீங்குக் களை என்று அறிவித்தது. 1983ல் மெக்ஸிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, அடுத்த வருஷம் வெளியே விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு இலையைச் சல்லடையாக்கும். பிறகு அது சூரியகாந்தியையும் கடிக்குது என்று ஒரு பெரிய சர்ச்சை. மழை நின்றால் வண்டு மண்ணுக்குள் போய்விடும், விதையோ அங்கேயே கிடக்கும்.

மாமாவுக்கு அரிப்பு முழுசாகப் போகவில்லை. களிம்பும், நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையோடு ஓடுகின்றன. முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, வீட்டுக்குள் வருவதற்கு முன் குளியல், சட்டையைத் தனியாக ஊறப்போடுவது. வீட்டைச் சுற்றி இருக்கும் செடியைப் பூ வைப்பதற்கு முன்னால் மச்சான்தான் கையுறை போட்டுப் பிடுங்குகிறான். காய்ந்ததைக் குவித்து எரிக்கக் கூடாது. ஆறு மாடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு. "விக்கச் சொல்றீங்க. வித்துட்டு நான் என்ன பண்றது?" என்று அந்த இரண்டை விடவில்லை. அதில் எனக்கும் பதில் இல்லை.

போன மாசம் போயிருந்தபோது அவரோடு டீக்கடைக்குப் போனேன். மருத்துவமனைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கடைக்காரரிடம் அதை நீட்டி, ரோட்டோரம் கையைக் காட்டி, "இதாம்பா. ஒட்டாது" என்றார். கடைக்காரர் சீட்டைப் படிக்கவில்லை. செடியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் முழங்கையைத் திருப்பிக் காட்டி, "எனக்கும் இங்க ரெண்டு மாசமா இருக்குண்ணே" என்றார்.