சேலம் துறைமுகத்தில் ஒரு சென்னையர்

சேலம் என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது சேர்வராயன் மலையடியில் உள்ள நகரமே. அமெரிக்க நாட்டிலும் ஒரு சேலம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே, 1626-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேறிய கடற்கரை ஊர் அது. அமைதி எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லினின்று அதன் பெயர் பிறந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 44 ஆயிரம் மக்களே வாழும் இச்சிற்றூரின் வரலாறு ஆராயப்பட்ட முறை, நாம் அறிந்து பயன்கொள்ளத் தக்கது.

1692-இல் அங்குச் சூனியக்காரர் எனப் பழி சுமத்தப்பெற்றுப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் மாண்ட இடம் எது என்பது காலப்போக்கில் மறந்துபோயிற்று. சிட்னி பெர்லி என்னும் உள்ளூர் வரலாற்றாசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய நிலப் பத்திரங்களைத் துருவி ஆராய்ந்து, புராக்டர் பாறை என்னும் மேட்டைச் சுட்டினார். பிற்கால அறிஞர்கள், அன்று கைதியாகக் கொண்டுவரப்பட்ட ரெபெக்கா ஈம்ஸ் என்னும் பெண்மணியின் வாக்குமூலத்தையும் ஊரின் நில அமைப்பையும் ஒப்பிட்டு, 2016-இல் அவ்விடத்தையே உறுதி செய்தனர். குன்றின் கீழிருந்த வீட்டிலிருந்து தூக்கிலிடும் காட்சியைக் கண்டதாக அவர் கூறிய ஒரு சொல்லே துணைநின்றது! மறு ஆண்டில் அங்கு நினைவுச்சின்னம் எழுந்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாண்டவர்க்கு நீதி செய்யவல்லது ஊர் வரலாறு என்பதை இதனால் உணர்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறைமுகத்துக் கப்பல்கள் கீழ்த்திசைக் கடல்களில் உலவின. நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ கடந்து சென்ற கப்பல் தலைவர்கள் 1799-இல் கிழக்கிந்தியக் கடற்சங்கம் கண்டனர். அவர்கள் கொணர்ந்த அரும்பொருள்களே இன்றைய பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்திற்கு வித்தாயின.

அவ்வூரில் சமயப்பணி ஆற்றிய வில்லியம் பென்ட்லி, ஊர்ச் செய்திகளை நாள்தோறும் எழுதிவைத்தவர். 1790-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் குறிப்பொன்றில், சென்னையிலிருந்து வந்த இந்தியர் ஒருவரை முதன்முதலாகக் கண்டு மகிழ்ந்ததாகப் பதிந்துள்ளார். கரிய நிறம், நீண்ட கருங்கூந்தல், உயர்ந்த உடல், சாந்தமான முகம் என உருவத்தை வரைந்தவர், கப்பல் தலைவர் கிபோவின் பெயரையும் எழுதினார். வந்தவரின் பெயரை மட்டும் எழுதவில்லை! பனி பொழியும் மார்கழியில் அம்மனிதர் என்ன எண்ணினார், எம்மொழியில் தம் வீட்டாரை நினைத்துக் கொண்டார் என்பவை அக்குறிப்பில் இல்லை. அவரைப் பார்த்தவர் எழுதினார், அவர் எழுதவில்லை.

பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இஃது ஓர் எச்சரிக்கை அன்றோ? முதன்முதலில் இரயிலேறி வந்த பாட்டனார் யார், எத்தெருவில் குடியிருந்தார், நம் சங்கத்திற்கு இடம் தேடி அலைந்தவர் எவர் என்பவற்றை மூத்தோர் வாய்மொழியாகவே வைத்திருக்கிறோம். பழைய கடிதங்களும் சங்கத்துக் கணக்கேடுகளும் பரணில் மங்கிக் கிடக்கின்றன. அவற்றை இன்றே எடுத்துப் பெயரும் ஆண்டும் குறித்து வைப்போம். நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடும் நாளில், நம் பெயராவது கிடைக்கட்டும்.